நீலாவதியின் கைக்கு ஒரு கட்டில்

வியாசர்பாடி, சென்னை
18.6.1973

மரத்தோடு மட்டும் நன்றாகப் பேசத் தெரிந்த என் வீட்டுத் தச்சருக்கு, நீலாவதி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது இடது கையால் எழுதிய கடிதம். வெற்றிலையை இடது கையால் நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் நீங்கள். கடிதத்தை என்ன செய்வீர்களோ? படித்துவிட்டு வேண்டுமானால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பில் வலது கையால் எழுதியபோதே வாத்தியார், "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். இப்போது அந்தக் கோழிக்குக் காலும் சுளுக்கு.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கப்பலில் முதல் நாள் முழுவதும் பங்க் படுக்கையைவிட்டு எழவில்லை. எதிர்ப் பங்க்கில் இருந்த தெலுங்கு அம்மாள் எலுமிச்சங்காய் ஊறுகாயை என் நாக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் வாந்தி எடுத்தது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

விசாலாட்சி துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். உங்கள் அக்காள் மகள் என்று சொல்லவே முடியாது, அவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்குச் சின்ன வயது. என் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையோடு ஒட்டிப்போன நாலு விரலையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எப்படிம்மா சுட்டுக்கிட்டீங்க?"

"எண்ணெய்ச் சட்டி சரிஞ்சுது. வடை வீணாப் போயிடுமேன்னு கையை நீட்டிப் பிடிச்சேன்."

"வடைக்காகவா கையைக் கொடுத்தீங்க?"

"என் வடையை நீங்க தின்னதில்லையே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்ட வேண்டுமாம். "தோல் ஒரு பிரச்சினை இல்லம்மா. உள்ள மூட்டு இறுகிப்போச்சுன்னா, அப்புறம் தோலை வெட்டி விட்டாலும் விரல் விரியாது. இந்த வருஷம் முடியறதுக்குள்ள பண்ணிடணும்" என்றார். அப்படியானால் நாளைக்கே பண்ணுங்கள் என்றேன். கட்டில் காலியாக வேண்டுமாம். எனக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம்.

வெளியே கிளார்க் பெயரையும் அட்ரஸையும் கேட்டார். நம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் சொல்வதுபோலக் கடகடவென்று ஒப்பித்தேன். "கட்டில் காலியானா கார்டு போடுவோம். சொன்ன தேதிக்கு வரலைன்னா பேரு கடைசிக்குப் போயிடும், ஆமா" என்றார். வராமல் எங்கே போகப் போகிறேன்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். என் பாத்திரங்களை வெளியே கடன் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு, வடைக்குக் கை கொடுத்தவள்,
நீலாவதி

*

பத்துபஸ்தி, போர்ட்பிளேர்
7.7.1973

நீலாவதிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது.

இவ்விடம் நான் சுகம். உன் சுகத்தை அடிக்கடி எழுதவும்.

கடிதம் கிடைத்தது. கை கழுவவில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம்மிடம் மாதக் கணக்கில் காசு கொடுத்துச் சாப்பிட்ட ஏர்போர்ட் வேலைக்காரர்கள் வாசல் பக்கம் வந்து, "பாபி கப் ஆயேகி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எப்போது வருவாய் என்று எனக்கே தெரியாததால் தலையை ஆட்டுகிறேன். பக்கத்து வீட்டு தாஸ் அம்மா மீன் குழம்பு கொடுத்தாள். கடுகெண்ணெய் வாடை. சாப்பிட்டேன்.

ஒரு சந்தேகம். பிளாஸ்டிக் ஆபரேஷன் என்கிறார்கள். பிளாஸ்டிக் அடுப்புச் சூட்டில் இளகும். நம் நீல வாளி இளகியது உனக்குத் தெரியும். அந்தக் கையோடு நீ அடுப்பு முன்னால் நிற்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

முதுகு பரவாயில்லை.

ஜம்புலிங்கம்

*

வியாசர்பாடி, சென்னை
30.7.1973

நீல வாளியின் சொந்தக்காரருக்கு, வாளியைவிட நலமாக இருக்கும் நீலாவதி எழுதுவது.

உங்கள் முதுகு பரவாயில்லை என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். தைலம் அலமாரிக்கு மேலே இருக்கிறது. முதுகில் தடவ ஆளில்லை என்று கதவில் தடவி அதன்மேல் சாய்ந்துகொள்ளாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியவர்தான்.

உங்கள் சந்தேகத்தை டாக்டரிடம் கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிளாஸ்டிக் எதுவும் வைக்க மாட்டார்களாம். என் தோலை எடுத்து எனக்கே ஒட்டுவார்களாம். "உங்க வீட்டுக்காரர் நல்ல கேள்வி கேட்டிருக்காரு" என்றார். நான் உங்கள் மானத்தைக் காப்பாற்ற, "அவருக்கு என் கை மேல அக்கறை இல்லீங்க, சாப்பாடு மேலதான்" என்று சொல்லிவிட்டேன்.

கார்டு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே கையை வெந்நீரில் வைத்து விரலை இழுத்துவிடுகிறார்கள். பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். பெயர் செலின். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண், இருபது வயது இருக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து, தாடை நெஞ்சோடு சேர்ந்து ஒட்டிப்போய்விட்டது. தலையைத் தூக்க முடியாது. கண்ணை மட்டும் மேலே உயர்த்தித்தான் பார்க்கிறாள். மாதாவிடம் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது கட்டில் கேட்கிறாளாம்.

"என் வாயைக் கேட்டும் மரியாதையாத் தலை குனிஞ்சு நிக்கற ஒரே ஆள் நீதான்டி" என்றேன்.

"சிரிக்க வைக்காதீங்கக்கா, தோலு இழுக்கு" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பதில் போடுங்கள்.

நீலாவதி

*

வியாசர்பாடி, சென்னை
3.9.1973

பேனாவைத் தொலைத்துவிட்ட மகாராஜாவுக்கு, நீலாவதி.

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேன், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வருகிறது, கப்பல் போகிறது, உங்கள் கடிதம் மட்டும் வருவதில்லை. விசாலாட்சியிடம், "உங்க மாமா ஒரு வரி எழுதறதுக்கு ஒரு பலகையை இழைச்சு முடிச்சிடுவாரு, கொஞ்சம் பொறு" என்று நானே சமாதானம் சொல்கிறேன். அவள் கேட்காமலேயே சொல்கிறேன்.

எனக்குப் பிறகு பெயர் கொடுத்த திருவள்ளூர்க்காரர் ஒருவர் ஆபரேஷன் முடிந்து, விரலை விரித்துக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். எல்லோருக்கும் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், இடது கையை. கிளார்க்கிடம் போய், "ஐயா, எனக்கு அப்புறம் வந்தவரு போறாரே" என்றேன். நிமிராமலே, "கார்டு வரும்மா" என்றார். செலினுக்கும் வரவில்லை. அதனால் நான் அதிகம் சத்தம் போடவில்லை.

முன்பெல்லாம் சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு நகம் நுழைகிற இடம் இருந்தது. குளிக்கும்போது சோப்பு நுரை அதற்குள் போகும். இப்போது போவதில்லை. டாக்டர் விரலை இழுத்துப் பார்க்கும்போது நான் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். போன வாரம் அவர் பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தார்.

கோபமா? ஊறுகாய்ப் பானையை உடைத்துவிட்டீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். திட்டுவதற்காவது எனக்கு ஏதாவது வேண்டும்.

நீலாவதி

*

தந்தி
போர்ட்பிளேர், 12.9.1973

கார்டு இங்கே வந்திருக்கிறது. கட்டில் தேதி ஆகஸ்ட் இருபது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஜம்புலிங்கம்.

*

வியாசர்பாடி, சென்னை
17.9.1973

தந்தி கொடுத்து ஊரைக் கூட்டியவருக்கு, நீலாவதி எழுதுவது.

நீங்கள் உயிரோடு இருப்பது இங்கே தெருவுக்கே தெரியும். தந்திக்காரர் வாசலில் வந்து நின்றதும் விசாலாட்சி உறையைப் பிரிக்காமலே, "ஐயோ மாமா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நாலு வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எதிர்வீட்டுக்காரர்தான் வாங்கிப் படித்துவிட்டு, "உங்க மாமாதாம்மா தந்தியே குடுத்திருக்காரு, செத்தவரு குடுப்பாரா?" என்றார். அவள் அழுததில் மீதி இருந்ததை நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆகஸ்ட் இருபதுக்குக் கட்டில் போட்டு வெச்சிருந்தோம்மா. நீங்க வரலை. வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார் கிளார்க்.

"நான் இதோ இந்தப் பெஞ்சுலதானேய்யா உக்காந்திருந்தேன்! அன்னிக்கும் உங்களுக்கு வணக்கம் சொன்னேனே!"

"வணக்கம் சொல்றவங்க பேரெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? அந்தமான்னு அட்ரஸ் குடுத்தா கார்டு அந்தமானுக்குத்தானே போவும்?"

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ரேஷன் கடையோ கப்பல் கவுண்டரோ, எங்கே கேட்டாலும் நாம் தீவு அட்ரஸைத்தானே சொல்கிறோம்? மெயின்லேண்ட் அட்ரஸைச் சொன்னால் பங்க் கிடைக்காது, ஓரமாக நில் என்பார்கள். வாய் அப்படியே பழகிவிட்டது. அங்கே வரிசையில் முன்னால் நிறுத்திய அட்ரஸ் இங்கே என்னைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. இனி மாசி மாதத்துக்குத்தான் கட்டில் என்கிறார்கள். டாக்டரிடம் போனேன். "டிசம்பர் தாண்டிட்டா நான் எதுக்கும் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். மாசி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வார்டு நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் ஆபரேஷன். அன்று காலை மயக்க மருந்து டாக்டர் எல்லோரையும் பார்ப்பார். யாருக்காவது சளி, இருமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை உள்ளே எடுப்பார்களாம். அதனால் இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்காரப்போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கார்டு தேதிக்கு முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டுமே, நடுவில் எங்கே போனீர்கள்? வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலாவதி

*

பத்துபஸ்தி, போர்ட்பிளேர்
6.10.1973

நீலாவதிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. நான் சுகமாக இருப்பதில் எனக்கே வெட்கம்.

நான் வீட்டில் இல்லை. கட்சால் தீவில் இருந்தேன். அங்கே ரப்பர் தோட்டத்தில் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகைக்குக் கூரை போட ஆள் கேட்டார்கள். யாரும் போக விரும்பவில்லை. நான் கை தூக்கினேன். ஜூலை கடைசியில் போய், செப்டம்பரில்தான் திரும்பினேன். அங்கிருந்து கடிதம் அனுப்பப் படகு கிடைக்கவில்லை என்று சொல்லலாம். கிடைத்தது. உன்னிடம் கேட்காமல் போனதால் எழுதவில்லை.

கார்டு ஆகஸ்ட் பாதியிலேயே வந்துவிட்டது. தபால்காரரிடம் கேட்டேன். "பாய், சிட்டி பாஜூ கர் மே தியா" என்றார், பக்கத்து வீட்டில் கொடுத்தாராம். தாஸ் அம்மா அதைப் பத்திரமாகத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். நான் வந்ததும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள். நான் இங்கே இருந்திருந்தால் தந்தி அன்றைக்கே போயிருக்கும்.

ஏன் போனாய் என்று நீ கேட்பாய். வீட்டில் பாத்திரங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் கவிழ்த்து வைத்தபடியே இருக்கின்றன. வேறு காரணம் இல்லை.

நான் புறப்பட்டு வரட்டுமா? வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்காரலாம்.

ஜம்புலிங்கம்

*

வியாசர்பாடி, சென்னை
31.10.1973

கட்சால் தீவுக்கு ஓடிப்போன என் வீட்டுக்காரருக்கு, நீலாவதி.

நான் சுகம். நீங்களும் இனிமேல் வெட்கப்படாமல் சுகமாக இருங்கள். வீட்டைவிட்டு ஓடுகிற ஆண்பிள்ளைகள் சினிமாக் கொட்டகைக்கு ஓடுவார்கள், நீங்கள் புகைக்கொட்டகைக்கு ஓடியிருக்கிறீர்கள். பாத்திரங்களை நிமிர்த்தி வையுங்கள். கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரம் நின்று பச்சை பிடிக்கும்.

கடிதத்தை விசாலாட்சியிடம் காட்டவில்லை. இரண்டாவது முறை படிக்கும்போது கண்ணில் ஏதோ விழுந்தது. மெட்ராஸில் தூசி அதிகம்.

வர வேண்டாம். பெஞ்சில் இடமில்லை. வெறும் வயிற்றுக்காரர்கள் என்னோடு சேர்த்து நாலைந்து பேர் இருக்கிறோம். பாருங்கள், காலையில் மயக்க மருந்து டாக்டர் உள்ளே போனதும் நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே யாராவது இருமினால் இங்கே எல்லோரும் நிமிர்வோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். ஒருநாள் ஒரு பெரியவர் தும்மினார். வார்டு வாசலில் காவலுக்கு நிற்கிற வாசல்காரர் அவர். அவருக்கு ஆபரேஷனே இல்லை. ஏமாந்துபோனோம்.

இரண்டு முறை ஆள் குறைந்தது. இரண்டு முறையும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். நேற்று, செவ்வாய்க்கிழமை, நான்தான் முதல் ஆள்.

செலினுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது என்று எழுத மறந்துவிட்டேன். நேற்றுதான் அவளுக்கு ஆபரேஷன். திங்கட்கிழமை மத்தியானம் வார்டில் போய்ப் பார்த்தேன், லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தாள். இருமும்போதெல்லாம் கழுத்துத் தோல் இழுத்துக் கண்ணில் நீர் வந்தது. "என்னய திருப்பி அனுப்பிருவாவளாக்கா?" என்று கேட்டாள். நர்ஸம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "காலையிலயும் இப்படி இருமினா இந்தப் பொண்ணை எடுக்க மாட்டாங்க. நீங்க தயாரா இருங்க" என்றார்.

செவ்வாய்க் காலையில் அவளுக்கு இருமல் இல்லை. உள்ளே கொண்டுபோனார்கள். நல்லபடியாக முடிந்தது. நான் வெளியே வந்து நாலு இட்லி சாப்பிட்டேன். இட்லியா அது, உங்கள் உளியை அதில் தீட்டலாம்.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள்.

நீலாவதி

*

பத்துபஸ்தி, போர்ட்பிளேர்
14.11.1973

நீலாவதிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இருமியவளுக்குச் செவ்வாய்க் காலையில் இருமல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நடுவில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. எழுத வேண்டாம். சுக்கு, மிளகு, ஆடாதொடை, பனங்கற்கண்டு. பெரார்கஞ்சில் கூரை வேலைக்குப் போய் நனைந்து வந்த வருஷம் அந்தக் கஷாயத்தை நீ எனக்குக் கொடுத்தாய். மூன்று வேளை குடிக்க வைத்தாய். மறுநாள் ஏணியில் ஏறினேன்.

வியாசர்பாடிக்குப் போய்க் காய்ச்சி எடுத்துக்கொண்டு திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். ஒரு கையால் மிளகு இடித்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கை உன்னுடையது மட்டும் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்? வருஷம் முடியப்போகிறது. டாக்டர் சொன்னது உனக்கு மறந்துவிட்டதா? நீ செய்தது தப்பு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அடித்தேன். எழுத வரவில்லை. அதனால் இன்னும் கோபம் வருகிறது.

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா?

அடுத்த கப்பலுக்குப் பங்க் கேட்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன்.

ஜம்புலிங்கம்

*

வியாசர்பாடி, சென்னை
24.11.1973

அன்புள்ள மாமாவுக்கு விசாலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அத்தையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மாமா, நேற்று வெள்ளிக்கிழமை அத்தைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. இங்கே மூன்று நாளாகப் புயல் மழை. வியாழக்கிழமையிலிருந்து பஸ் ஓடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வெறும் வயிற்றோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினார்கள். "இந்த மழையில யாரு அத்தை வருவாங்க, டாக்டரே வரமாட்டாரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இதுக்குப் பேரு மழையாடி? எங்க ஊர்ல இதுல துணி உலர்த்துவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் வந்திருந்தார். அன்றைக்கு ஆபரேஷனுக்கு இருந்தவர்களில் ஒருவருக்கு மழையில் காய்ச்சல். இன்னொருவர் வெளியூர், வந்து சேரவே இல்லை. வாசல் பெஞ்சில் அத்தை மட்டும்தான் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "யாரு போட்டா?" என்றார்கள் அத்தை. துவட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வெகுநேரம் ஆயிற்று. தோலை வெட்டி விட்ட பிறகும் விரல்கள் சுலபமாக நிமிரவில்லையாம். மெல்ல மெல்ல நிமிர்த்தி, உள்ளே கம்பி கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டுப் பிரித்துக் கம்பியை எடுத்தால்தான் விரல் தானாக அசையுமா, இல்லை கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே நிற்குமா என்று தெரியும் என்கிறார் டாக்டர். அதற்கு மூன்று வாரம் ஆகுமாம்.

அத்தைக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. வலி இருக்கிறது. ஆனால் பேசவே இல்லை மாமா. ஒரு கேலிகூட இல்லை. செலின் அக்கா கழுத்துக் கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தலய நிமுத்தி ஃபேன பாத்தேன்க்கா, ஒரே தூசி" என்றாள். அதற்கும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் அன்புள்ள,
விசாலாட்சி

*

பத்துபஸ்தி, போர்ட்பிளேர்
7.12.1973

நீலாவதிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது.

விசாலாட்சியின் கடிதம் கிடைத்தது. கப்பல் துறை ஜெட்டிவரை டிரங்குப் பெட்டியோடு போனேன். புயல் கொடி ஏற்றிவிட்டார்கள். கப்பல் கிளம்பவில்லை. மறுநாளும் போனேன். எஞ்சினில் பழுது என்கிறார்கள். இருபதாம் தேதிக்கு மேல்தான் என்கிறார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஜெட்டிப் பக்கம் தெரிந்த கடையில் வைத்திருக்கிறேன்.

தாஸ் அம்மா உனக்காகக் காளி கோயிலுக்குப் போனாள். கார்டைப் பூட்டி வைத்ததற்கு இன்னும் அழுகிறாள்.

என் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். சாப்பிட்டேனா என்றும் கேட்க வேண்டாம். கேலியும் வேண்டாம்.

விரல் அசைகிறதா? அதை மட்டும் எழுது. நீ எழுத முடியாவிட்டால் விசாலாட்சியை எழுதச் சொல். அசையாவிட்டாலும் எழுது. அசையாவிட்டால் நான் இடிக்கிறேன், நான் அரைக்கிறேன். நீ பக்கத்தில் நின்று திட்டு.

ஜம்புலிங்கம்

*

ஆஸ்பத்திரி, சென்னை
18.12.1973

ஜெட்டியில் பெட்டியும் வீட்டில் ஆளுமாக இரண்டாகப் பிரிந்து கிடக்கும் என் வீட்டுக்காரருக்கு, நீலாவதி.

சாப்பிட்டீர்களா? கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகையால் முதலில் அதைக் கேட்கிறேன். முதுகு எப்படி? தாஸ் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்திரமாகப் பூட்டி வைக்கிற மனிதர்கள் எங்கே கிடைக்கிறார்கள்? வந்ததும் என் வெங்கலப் பானையை அவளிடம்தான் கொடுத்து வைக்கப்போகிறேன்.

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. நடுவில் தாண்டிப் போய்ப் படிக்காதீர்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் பேசவில்லை என்று விசாலாட்சி எழுதினாளாம். பேசாமல்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்போல இருந்தது. கட்டுக்குள் என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக மாவு பிசைந்த கை, ஒரு சேதி சொல்லாமல் படுத்திருந்தது. அந்த நாட்களில் உங்கள் கோபக் கடிதத்தை விசாலாட்சி கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். யாரும் என்னை அவ்வளவு நன்றாகத் திட்டியதில்லை. அரைக்கிற சங்கதி எழுதிய கடிதமும் இன்று காலையில் வந்தது. அதற்கு நேரில் பதில் சொல்கிறேன்.

செலின் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை நாள் பழகியும் என் உயரம் அவளுக்குத் தெரியாதாம். "நீங்க குட்டையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்று காலையில் டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்தார்கள். கம்பியை உருவினார்கள். அப்போது நான் கொடுத்த சத்தத்தில் வார்டு வாசல்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் என் தொடைத் தோல் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. விரல்கள் நாலும் நீட்டிக்கொண்டு நின்றன. டாக்டர், "மெதுவா மடக்குங்கம்மா" என்றார். மடக்கினேன். அதாவது மடக்குவதாக நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னொரு தடவை" என்றார். நடக்கவில்லை. நர்ஸம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் குனிந்து, முகத்தை என் கைக்கு வெகு அருகில் கொண்டுவந்து, "அவசரமே இல்ல. மாவு பிசையறதா நெனச்சுக்குங்க" என்றார்.

நினைத்தேன். விரல்கள் கொஞ்சம் உள்ளே போயின. முதலில் நடுவிரல், அதன் பின்னாலேயே மற்றவை. நிஜமாகவே போயின. "விரிங்க, விரிங்க" என்றார்.

விரித்தேன். கொஞ்சம் வேகமாக விரிந்துவிட்டது. டாக்டருடைய மூக்குக்கண்ணாடி நடுவிரலில் மாட்டிப் பறந்து போய், நர்ஸம்மா வைத்திருந்த மருந்துத் தட்டில் விழுந்தது. ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்துவிட்டது, இன்னொரு பக்கத்தில் மஞ்சள் மருந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு வேறு கண்ணாடி இல்லையாம். அதனால் மீதி நோயாளிகளின் கட்டுகளையெல்லாம் மூக்குக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பார்த்தார். எனக்கு அடுத்த கட்டில் அம்மாளுக்குக் கட்டு காலில்.

நீலாவதி